என் புதன்கிழமை ஊசியும் அவ சனிக்கிழமை ஊசியும்

கண்டியில அந்த டொக்டர் என் பேப்பரை என் பக்கமே தள்ளிவிட்டார். "இதுல கையெழுத்துப் போட ஏலாது" ன்னார். ஹெவி லைசன் புதுப்பிக்கிறதுக்கு மெடிக்கல் எடுக்கப் போயிருந்தேன். கண்ணு நல்லாயிருக்கு, காது நல்லாயிருக்கு, பிரஷர் பரவாயில்ல. ரத்தத்துல சீனிதான் மோசம். மூணு மாசச் சராசரின்னு ஒரு டெஸ்ட் இருக்கே, அதுல என் கணக்கைப் பார்த்துட்டு மனுசன் கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சிட்டார். "லைசன் முடிய இன்னும் மூணு மாசம் இருக்குதானே? அதுக்குள்ள குறைச்சுக்கிட்டு வாங்க. குறையலன்னா பஸ்ஸை மறந்துடுங்க."

பஸ்ஸை மறக்கிறதாம்! இருபத்தாறு வருஷமா மடுல்கெல்லைக்கும் கண்டிக்கும் நடுவுல ஓடிக்கிட்டிருக்கேன். ரோடு வளையுற எந்த முடக்குல எந்தப் பக்கம் மண் சரியும், எந்தத் தோட்டத்து லயத்து நாய் எத்தனை மணிக்கு ரோட்டைக் கடக்கும்னு எனக்குத் தெரியும். வேற எந்தத் தொழிலும் தெரியாது. அந்த ஆளைக் கண்டபடி ஏசிக்கிட்டே படியிறங்கி வந்தேன். வந்து, ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில ரெண்டு வடை தின்னு, சீனி போட்ட தேத்தண்ணியும் குடிச்சேன். கோபம் வந்தா எனக்குப் பசிக்கும், அது என் பழக்கம்.

எங்க வீட்டம்மாவுக்கு இது நடந்தது அன்னைக்குச் சாயங்காலம்தான் தெரிஞ்சுது. அவ வத்தேகமைக்குப் பக்கத்துல ஒரு கார்மெண்ட்ஸ்ல மெஷின் தைக்கிறா. தினமும் காலையில என் பஸ்லதான் மலையிறங்கி வேலைக்குப் போவா. அவளுக்கும் சீனி இருக்கு. எனக்கு முந்தியே வந்துருச்சு. அதோட முழங்கால் வலி, உடம்பும் கொஞ்சம் பெருத்துப் போச்சு. நான் கத்தி முடிக்கிற வரைக்கும் பேசாம வெண்டிக்காய் நறுக்கிக்கிட்டிருந்தா. முடிச்சதும், "சரி, ஏசி முடிஞ்சுதா? நாளைக்கு நான் லீவு போடுறேன். சீனிக்குன்னே பெரிய டொக்டரம்மா ஒருத்தவங்க கண்டியில இருக்காங்க. ரெண்டு பேரும் போவோம்" ன்னா. அவ்வளவுதான் பேச்சு. என் வீட்டுல பெரிய முடிவெல்லாம் இப்படி வெண்டிக்காய் நறுக்குற நேரத்துலதான் எடுக்கப்படும்.

அந்த டொக்டரம்மா சிங்களவங்க. ஆனா தமிழை மெதுவா, ஒவ்வொரு சொல்லா எடுத்து வைச்சுப் பேசுவாங்க. நான் போனதும் போகாததுமா, "எனக்கு இன்சுலின் வேணாம் டொக்டர்" ன்னு சொல்லிட்டேன். இன்சுலின் போட்டா ஹெவி லைசன் இழுபறின்னு ஸ்டாண்டுல எல்லா டிரைவரும் சொல்லுவாங்க. உண்மையான காரணம் வேற. எனக்கு ஊசின்னா பயம். அவங்க சிரிச்சிக்கிட்டு, "தினம் வேணாம். வாரத்துக்கு ஒண்ணு போதும்" ன்னாங்க.

அப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பாடம் நடத்தினாங்க. நான் பள்ளிக்கூடத்துலகூட அவ்வளவு கவனமாக் கேட்டதில்ல. நாம சாப்பிட்டதும் குடல்ல இருந்து ஒரு செய்தி போகுமாம். ஈரலுக்கும் கணையத்துக்கும், "சீனி வருது, பார்த்துக்க" ன்னு சொல்லுமாம். இரைப்பைக்கு "மெதுவா இறக்கு" ன்னு சொல்லுமாம். மூளைக்குப் போய் "போதும்" னு சொல்லுமாம். நமக்கெல்லாம் அந்தச் செய்தி நின்னு பேசாம ஓடிப் போயிருது. இந்த ஊசி அதே செய்தியை ஒரு வாரத்துக்கு உடம்புல நிறுத்தி வைக்குதாம். மனுசன் மூளைக்குள்ள போய் "போதும்" னு சொல்ற ஒரு மருந்தைக் கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க! எனக்கு உண்மையிலேயே மலைப்பாப் போச்சு.

ஆனா ஊசி ஒண்ணில்ல. எனக்கு எழுதினது ஒண்ணு, அவளுக்கு எழுதினது இன்னொண்ணு. என்னுடையது குடல் அனுப்புற ஒரு செய்தியை மாதிரி வேலை செய்யுமாம். அவளுடையது ரெண்டு செய்தியைச் சேர்த்துச் செய்யுமாம், பொதுவா எடையும் கூடுதலாக் குறையுமாம். நான் விடுவேனா? "அது என்ன டொக்டர், அவளுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணா?" ன்னேன். வீட்டம்மா என் முழங்கையில ஒரு இடி இடிச்சா. டொக்டரம்மா கோவிச்சுக்கல. "ஐயா, உங்க சிறுநீர்ல புரதம் போகுது. உங்களுக்கு எழுதினது சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் நல்லதுன்னு நிறையப் பார்த்திருக்காங்க. அம்மாவுக்கு எடைதான் முக்கியம், முழங்கால் அதைத்தான் கேக்குது. எது பெரிய ஊசின்னு பார்க்கக் கூடாது. யாருக்கு, எதுக்குன்னு பார்க்கணும்" ன்னாங்க.

ரெண்டுக்கும் விதி ஒண்ணுதான். சின்ன அளவுல ஆரம்பிச்சு மாசத்துக்கு மாசம் கூட்டணும். குமட்டும், வயிறு கட்டும் இல்லன்னா போகும், பயப்பட வேணாம். வயித்துல தாங்க முடியாத வலி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும். ஒருத்தர் ஊசியை இன்னொருத்தர் தொடக்கூடாது. எனக்கு மட்டும் கூடுதலா ஒண்ணு சொன்னாங்க. நான் சீனிக்கு வழக்கமாப் போடுற சின்ன வெள்ளை மாத்திரையைப் பாதியாக் குறைச்சு, "இந்த மாத்திரை சாப்பாடு இருக்கோ இல்லையோ சீனியை இறக்கும். அதனால சாப்பாட்டைத் தவற விடக்கூடாது. தவறுற மாதிரி நாள் வந்தா மாத்திரை வேணாம், எனக்கு ஒரு கோல் எடுங்க" ன்னாங்க. நான் தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்து நான் சுவர்ல இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன், ஸ்டாண்டுல என் டைம் நெருங்குதேன்னு. எங்க வீட்டம்மாவோ தனக்குச் சொன்னதையும் எனக்குச் சொன்னதையும் சேர்த்துக் காதுல போட்டுக்கிட்டா.

பாமசியில மருந்தை ஐஸ் வைச்ச ஒரு பெட்டியில போட்டுக் குடுத்தாங்க. நான் அதைக் கொண்டு வந்து பஸ்ல என்ஜின் மூடி மேல வைச்சிட்டேன். மடுல்கெல்லை பஸ்ல எந்தப் பார்சலும் அங்கதான் போகும். பூ, மீன், கல்யாணக் கேக், எதுவா இருந்தாலும் என்ஜின் மூடிதான். வத்தேகமை தாண்டும்போது பின்னாடி இருந்து வேகமா ஒரு கை வந்து பெட்டியைத் தூக்கிச்சு. "மருந்தை அவிக்கப் போறீங்களா?" ன்னு காதுக்குள்ள ஒரு சீறல். அந்த நிமிஷம் வரைக்கும் அந்த மூடி கொதிக்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க, இருபத்தாறு வருஷமா என் இடது கால் அதுலதான் வேகுது.

வீட்டு பிரிட்ஜ் கதவுல, சீனிச்சம்பல் போத்தலுக்குப் பக்கத்துல ரெண்டு மருந்தும் குடியிருக்க ஆரம்பிச்சுது. நாள் பார்க்கிறதுல ஒரு சண்டை. வெள்ளிக்கிழமை வீட்டம்மா கிழிஞ்சதைத் தைக்கக்கூட ஊசி எடுக்க மாட்டா, அதனால வெள்ளி கிடையாது. செவ்வாய் முருகனுக்கு, அதுவும் கிடையாது. புதன்கிழமை என் பஸ்ஸுக்கு ஓய்வு, அதனால எனக்குப் புதன். அவளுக்கு ஞாயிறு லீவு, வாந்தி வந்தாலும் படுத்துக்கலாம்னு சனிக்கிழமை சாயங்காலம்.

ஊசி போடுற கருவியும் வேற வேற. என்னுடையது எழுதுற பேனை மாதிரி. ஒவ்வொரு வாரமும் புது ஊசி திருகி, அளவைத் திருப்பி, வயித்துல குத்தி, மெதுவா எண்ணணும். ஊசி கண்ணுக்கு நல்லாத் தெரியும். அவளுடையதுல ஊசி வெளியிலேயே வராது. தொடையில வைச்சு அமுக்கினா ஒரு 'கிளிக்', கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு 'கிளிக்', முடிஞ்சுது. தூக்கிப் போட்டுறலாம். எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது. பனி மூடின காலையில ஒரு பஸ் நிறையச் சனத்தோட மலையிறங்குறவன், ஒரு நெல்லுமணி நீளத்து ஊசிக்குக் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். முதல் நாலு புதனும் அவதான் போட்டுவிட்டா. "மூச்சை விடுங்க. விட்டீங்களா? அவ்வளவுதான், போட்டு முடிஞ்சுது" ம்பா. உண்மையிலேயே முடிஞ்சிருக்கும். நோகவே நோகாது. அப்புறம் நான், "ஒண்ணும் பெரிசில்ல" ன்னு சட்டையை இறக்கிவிட்டுக்கிட்டு வெளியே போவேன்.

முதல் மாசம் ரெண்டு பேருமே ஆடிப் போனோம். எனக்குக் குமட்டல் வியாழக்கிழமை வரும், டீசல் மணம் பிடிச்சா கூடும். அவளுக்கு வாந்தி கம்மி, ஆனா வயிறு கட்டிக்கிட்டுச் சங்கடப்பட்டா. எண்ணெய்ச் சாப்பாடு எனக்கு ஆகல, அவளுக்குப் பால் ஆகல. இதெல்லாம் அவ சுவர்ல தொங்குற கலண்டர்ல சின்னச் சின்ன எழுத்தா எழுதி வைப்பா. என்னுடையது மேலே, அவளுடையது கீழே. ரெண்டாவது மாசம் டொக்டரம்மா அந்தக் கலண்டர் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துட்டு, "இப்படி யாரும் எனக்கு எழுதிக் கொண்டு வந்ததில்ல" ன்னாங்க. எட்டாம் வகுப்போட நின்னவ என் சம்சாரம். அன்னைக்கு எனக்கு நெஞ்சு நிமிர்ந்துச்சு, அதை அவகிட்ட சொல்லல.

என் சீனி விறுவிறுன்னு இறங்கிச்சு. எடை கொஞ்சமாத்தான் குறைஞ்சுது. அவளுக்கு எடை நல்லா இறங்கிச்சு, சீனியும் கூடவே இறங்கிச்சு. நாவலப்பிட்டியில இருக்கிற என் மச்சான் கிழமைக்கு ஒருக்கா போன் எடுத்து, மேட்ச் ஸ்கோர் கேக்கிற மாதிரி, "இந்த வாரம் யாரு முன்னுக்கு? உங்க ஊசியா, தங்கச்சி ஊசியா?" ன்னு கேப்பார். நானும் வெட்கமில்லாம எங்க ரெண்டு பேர் எடையையும் ஒப்பிச்சுக்கிட்டிருப்பேன். ஒரு நாள் அவ போனைப் பிடுங்கி, "அண்ணே, ஊசிக்கு ஊசி போட்டியில்ல. இவர் ஸ்டாண்டுல வடையை விட்டா இவரும் முன்னுக்கு வருவாரு" ன்னு சொல்லிட்டு வைச்சிட்டா.

அதுல உண்மை இருந்துச்சு. எனக்குப் பசி நின்னு போச்சு. சோத்துப் பார்சலைப் பிரிச்சா பாதியில கை தானா நிக்கும். ஆனா ஸ்டாண்டுக்கு வந்து இறங்கினதும் கை வடைக்குப் போகும். ஒரு நாள் அவ பார்த்துட்டா. "பசிக்குதா?" ன்னா. "இல்ல" ன்னேன். "பின்ன எதுக்கு வாய் அசையுது?" ன்னா. அவ அப்படியில்ல. மருந்து எவ்வளவு தூரம் தூக்கிவிடுதோ, அதுக்கு மேல தன் காலால நடந்தா. வேலை விட்டு வந்து மேட்டு ரோட்டுல அரைமணி நேரம் நடை. முட்டை, பயறு, கீரைன்னு தட்டுல முதல்ல எதை வைக்கணும்னு ஒரு ஒழுங்கு. முன்னெல்லாம் கோயில் படியில பாதியில உட்கார்ந்து மூச்சு வாங்குறவ, ஐப்பசிக்குள்ள நிக்காம ஏறி மேல நின்னு என்னைப் பார்த்துச் சிரிச்சா. எங்க கல்யாணத்துக்கு அப்புறம் அவ அவ்வளவு அழகா இருந்ததா எனக்கு ஞாபகமில்ல.

ஐப்பசின்னதும் கந்தசஷ்டி. மெடிக்கலுக்குப் போகவேண்டிய நாள் சூரசம்ஹாரத்துக்கு அடுத்த வாரம் விழுந்துச்சு. நான் முருகன்கிட்ட நேர்ந்துக்கிட்டேன், ஆறு நாளும் பட்டினி, சாயங்காலம் மட்டும் பாலும் பழமும், லைசனை மட்டும் குடுத்துரு அப்பான்னு. எனக்குப் பாலைப் பத்திக் கவலையில்ல, அது அவ வயித்துக்குத்தான் ஆகாது. வீட்டம்மா ஒவ்வொரு வருஷமும் சஷ்டி பிடிக்கிறவ. இந்த வருஷம் முதல் வேலையா டொக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டா. ஆறு நாள் பட்டினி வேணாம், நேரத்துக்குக் கொஞ்சமாவது சாப்பிடணும்னு அவங்க சொன்னதும், "சரி, நான் மரக்கறியோட இருந்து, தேத்தண்ணியை விடுறேன். முருகனுக்கு என் நிலைமை தெரியும்" னு முடிச்சுக்கிட்டா. என்னைப் பார்த்து, "நீங்க கேட்டீங்களா?" ன்னா.

"கேட்டேன். எனக்குப் பரவாயில்லன்னாங்க" ன்னேன்.

கேக்கவே இல்ல. சுத்தப் பொய். பட்டினி கிடந்தா சீனி இன்னும் இறங்கும், மெடிக்கல்ல டொக்டர் அசந்து போவார், முருகனும் பார்த்துக்குவார்னு ஒரே கல்லுல ரெண்டு மாங்காய் அடிக்கிற கணக்கு என்னுடையது. மாத்திரையை மட்டும் விடல. மருந்து விரதத்தைக் கெடுக்காதுதானே? எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான். சோறுதான் விரதம், மாத்திரை தண்ணி மாதிரி. காலையில குளிச்சு, திருநீறு பூசி, வெறும் வயித்துல பக்தியோட அந்த வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கிட்டு பஸ் ஏறினேன்.

முதல் நாள் முடிஞ்சுது, பசிக்கல. ரெண்டாம் நாள், மூணாம் நாள், பசிக்கவே இல்ல. முன்னெல்லாம் சஷ்டியில ரெண்டாம் நாளே எனக்குக் கோபம் கோபமா வரும், கொண்டக்டர் பக்கத்துல வரப் பயப்படுவான். இந்தத் தடவை சிரிச்ச முகமா ஓட்டினேன். முருகன் அருள்னு அவன்கிட்ட பெருமை வேற அடிச்சேன். வீட்டம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தா. "ஊசி பசியை நிறுத்தி வைச்சிருக்கு. பசியில்லாத விரதம் என்னங்க விரதம்?" ன்னா. எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. பட்டும் திருந்தல.

அஞ்சாம் நாள் காலை. பஸ் நிறையச் சனம். கார்மெண்ட்ஸ் புள்ளைங்க, கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்குப் போற தோட்டத்து ஆளுங்க, ஸ்கூல் புள்ளைங்க. வீட்டம்மா வழக்கமா மூணாவது வரிசையில உட்காருவா. டிக்கெட் எடுப்பா, என்கூட ஒரு வார்த்தை பேச மாட்டா. ஓட்டுறவர்கிட்ட பேசக்கூடாதுன்னு எழுதியிருக்குல்ல, அது பொண்டாட்டிக்கும்தான் எழுதியிருக்கும்பா. வத்தேகமைக்கு மேல இறக்கத்துல வரும்போது எனக்குக் கழுத்து நனைஞ்சுது. நல்ல குளிர். நான் ஜன்னல் வழியா பனித்தண்ணி அடிக்குதுன்னு நினைச்சேன். அப்புறம் ஸ்டீயரிங் பிடிச்ச கை நடுங்கிச்சு. பிரேக் எது, கிளச் எதுன்னு கால் தேடிச்சு. முன்னுக்கு முடக்கு. நான் ஆயிரம் தடவை திருப்பின முடக்கு. அது இடமா வலமான்னு எனக்குத் தெரியல. அதைவிட மோசம் என்னன்னா, தெரியலயேன்னு எனக்குப் பயம்கூட வரல.

"நிறுத்துங்க!"

அந்தக் குரலை நான் முப்பது வருஷத்துல கேட்டதில்ல. வீட்டம்மா என் நனைஞ்ச கழுத்தைப் பின்னாடி இருந்து பார்த்துட்டே இருந்திருக்கா. எழும்பி, சனத்தைத் தள்ளிக்கிட்டு வந்து, என்ஜின் மூடி மேல முழங்காலை ஊன்றி நின்னுக்கிட்டிருந்தா. "பிரேக்கை மிதிங்க. மிதிங்கன்னா மிதிங்க!" என் கால் அவ பேச்சைக் கேட்டுச்சு. பஸ் குலுங்கி நின்னுச்சு. ஹேண்ட்பிரேக்கை அவளே இழுத்தா. முன் டயருக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருந்துச்சுன்னு அப்புறம் கொண்டக்டர் சொன்னான். அதை நான் இங்க எழுதப் போறதில்ல.

"யாராச்சும் இனிப்பா ஏதாச்சும் குடுங்க, சீக்கிரம்!" ன்னு பஸ்ஸுக்குள்ள கத்தினா. கிளினிக்குப் போற ஒரு தோட்டத்து அம்மா தன் பிளாஸ்க்கை நீட்டினாங்க. சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி. மூடியில ஊத்தி என் வாய்கிட்ட கொண்டு வந்தா. நான் முட்டாள், அந்த நேரத்துலயும் வாயை இறுக்கி மூடிக்கிட்டு, "விரதம்" னேன்.

"முருகனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். வாயைத் திறங்க!"

திறந்தேன். மூணு மூடி குடிச்சேன். கொஞ்ச நேரத்துல ரோடு திரும்ப ரோடா வந்துச்சு. அப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு. கொண்டக்டர் கெட்டிக்காரன். அதுக்குள்ள சனத்தைப் பார்த்து, "பிரேக் சூடாயிருச்சு, டிரைவர் அண்ணன் பதறிட்டார், அதுதான் நிறுத்தினோம், எல்லாரும் அடுத்த பஸ்ல ஏறுங்க" ன்னு சமாளிச்சிட்டான். என் காதுல வந்து, "அண்ணே, யாருக்கும் தெரியாது, கவலைப்படாதீங்க" ன்னான். பிளாஸ்க் குடுத்த அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவங்க மூடியை வாங்கித் துடைச்சுப் போட்டுக்கிட்டு, ஒண்ணும் கேக்காம இறங்கிப் போயிட்டாங்க.

அன்னைக்கே வீட்டம்மா என்னை டொக்டரம்மாகிட்ட இழுத்துக்கிட்டுப் போனா. நான் கேக்காம கேட்டேன்னு சொன்னது அங்க வெளியே வந்துச்சு. வீட்டம்மா முகத்தை நான் பார்க்கல, பார்க்கிற தைரியம் இல்ல. "ஊசியாலதானே டொக்டர் இப்படி?" ன்னு பழியை அதுமேல போடப் பார்த்தேன். அவங்க விடல. "ஊசி மட்டும்னா இப்படி இறங்குறது அபூர்வம். சீனி கூடினாத்தான் அது வேலை செய்யும். மாத்திரைக்கு அந்தப் புத்தி கிடையாது. மாத்திரையும் பட்டினியும் சேர்ந்துதான் உங்களை இறக்கிச்சு. நான் சொன்னேன்தானே ஐயா?" சொன்னாங்கதான். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன். மாத்திரையை அடியோட நிறுத்தினாங்க. அந்த வாரம் முழுக்கக் காய்ச்சல்னு முதலாளிக்குச் சொல்லிட்டு வீட்டுல இருந்தேன்.

வீட்டம்மா ரெண்டு நாள் பேசல. சோறு வைப்பா, விரல்ல குத்திச் சீனி பார்ப்பா, கலண்டர்ல எழுதுவா. பேச்சு மட்டும் கிடையாது. அந்த ரெண்டு நாளும் எனக்கு இருந்த மாதிரி ஒரு தண்டனை எந்தக் கோர்ட்டும் குடுக்க ஏலாது.

மெடிக்கலுக்கு முந்தின நாள் சாயங்காலம் டெஸ்ட் ரிப்போட் வந்துச்சு. மூணு மாசச் சராசரி நல்ல கணக்கு. டொக்டர் கேட்டதைவிடக் கீழே. எனக்குத் துள்ளணும் போல இருந்துச்சு. ஆனா மெடிக்கலுக்கு நிரப்புற பாரத்துல ஒரு கேள்வி இருக்கு: மயக்கம், தலைசுத்து, சீனி குறைஞ்சு தடுமாறினது ஏதாவது உண்டா? உண்டுன்னா லைசன் அங்கேயே நிக்கும். கொண்டக்டர், பிளாஸ்க் அம்மா, டொக்டரம்மா, அவ, இந்த நாலு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்? மாத்திரையும் நிறுத்தியாச்சு. இனி அப்படி நடக்காதுதானே? இதையெல்லாம் நான் சத்தமா அவகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன், அவ சரின்னு சொல்லணும்னு.

அவ என் சட்டையை அயர்ன் பண்ணிக்கிட்டிருந்தா. "உங்க தொழில். நீங்க என்ன சொன்னாலும் நான் குறுக்க பேச மாட்டேன்" ன்னா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அயர்னை நிமிர்த்தி வைச்சிட்டு, "ஆனா இல்லைன்னு சொன்னீங்கன்னா, அதுக்கப்புறம் நான் உங்க பஸ்ல ஏற மாட்டேன். முந்தின பஸ்ல போய்க்குவேன். ஏன்னு யாரும் கேட்டா, டைம் சரியில்லன்னு சொல்லிக்கிறேன்" ன்னா. கோபமே இல்லாமச் சொன்னா. கோபப்பட்டிருந்தா நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

மறுநாள் அதே கதிரை, அதே டொக்டர். அவ வெளியே பலகை வாங்குல உட்கார்ந்திருந்தா. டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துட்டு எழும்பி நின்னு கை குடுத்தார். "எப்படிய்யா குறைச்சீங்க? சபாஷ்!" ன்னார். ஊசியைப் பத்திச் சொன்னேன். "நல்ல மருந்து" ன்னு தலையாட்டிக்கிட்டே ஒவ்வொரு கேள்வியா வாசிச்சு, நான் சொல்லச் சொல்ல அவரே அடையாளம் போட்டுக்கிட்டு வந்தார். நெஞ்சு வலி? இல்ல. வலிப்பு? இல்ல. "மயக்கம், சீனி குறைஞ்சு தடுமாறினது?" பேனை 'இல்லை' ங்கிற கட்டத்துக்கு மேலயே போய் நின்னுருச்சு. நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்ல, சும்மா இருந்தாப் போதும்.

பஸ்ல அவ உட்காருற மூணாவது வரிசை என் கண்ணுல வந்துச்சு. அதுல வேற யாரோ உட்கார்ந்திருந்தாங்க.

"உண்டு, சேர்" னேன். "ஓட்டிக்கிட்டிருக்கும்போது."

அவர் பேனையைக் கட்டத்துல இருந்து எடுத்துட்டார். நான் முழுசாச் சொன்னேன், விரதம், மாத்திரை, முடக்கு எல்லாம். அவர் ரிப்போட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்துட்டு, "ரிப்போட் இவ்வளவு நல்லாயிருக்கு. நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஏன் சொல்றீங்க?" ன்னார்.

"என் சம்சாரம் அந்த பஸ்லதான் வேலைக்குப் போறா, சேர்."

ஆறு மாசம் பாரவாகனம் ஓட்டக்கூடாது. தினமும் சீனி பார்த்து எழுதி, ஒரு தடவையும் இறங்காம இருந்தா ஆறு மாசம் கழிச்சு வந்து பார்க்கலாம். வெட்டொண்ணு துண்டு ரெண்டா எழுதிக் குடுத்துட்டார். இந்தத் தடவை நான் ஏசல. வெளியே வந்து அவ பக்கத்துல வாங்குல உட்கார்ந்தேன்.

"உள்ளதைச் சொல்லிட்டேன்" னேன். "ஆறு மாசம் லைசன் இல்லைன்னுட்டாங்க."

திரும்பிப் பார்த்தா அவ அழுதுக்கிட்டிருந்தா. அன்னைக்கு அந்த முடக்குலகூட அழாதவ. சேலைத் தலைப்பால முகத்தை மூடிக்கிட்டு, சனம் பார்க்கிறதைப் பத்திக் கவலைப்படாம அழுதா. எனக்குக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு. என் உயிரை மட்டுமில்ல, அந்த பஸ்ல இருந்த அத்தனை சனத்தையும் காப்பாத்திக் குடுத்தவ இவ. அதை அன்னைக்குத்தான் வாயைத் திறந்து அவகிட்ட சொன்னேன்.

"நீங்க இல்லைன்னு சொல்லிருவீங்கன்னுதான் பயந்துக்கிட்டே இருந்தேன்" ன்னா. "கதவு திறக்கிறப்பெல்லாம் எழும்பினேன். நீங்க அந்தப் பேப்பரோட சிரிச்சிக்கிட்டு வெளியே வந்திருந்தீங்கன்னா, நான் உள்ளே போய் அந்த டொக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "குறுக்க பேச மாட்டேன்னு நேத்துச் சொன்னியே?"

"பொய் சொன்னேன்" ன்னா, மூக்கை உறிஞ்சிக்கிட்டு. "இப்ப என்ன, தலையை வாங்கிருவீங்களா? எழும்புங்க, சாப்பிடுற நேரமாச்சு."